யார் கையில் தீட்டு?

அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். நிமோனியா. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாய் போட்டு வைத்திருந்தார்கள். நாலாம் நாள் கண் திறந்தான். ஆறாம் நாள் மறுபடி காய்ச்சல். ரத்தத்தில் கிருமி என்றார்கள். "சேரியிலேர்ந்து வர்றீங்க. சுத்தம்னா என்னன்னாவது தெரியுமா?" என்று டாக்டர் அக்காவிடம் எரிந்து விழுந்தார்.

அக்காவை உள்ளே விட்டதே நாளுக்குப் பத்து நிமிஷம். அதிலும் பிள்ளையைத் தொடக்கூடாது. அப்படியானால் தொட்டது யார்? வாசலில் கைகழுவும் மருந்துப் புட்டி காலி. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அதே கை, அதே ஸ்டெதஸ்கோப். சேர்த்து இரண்டு நாள் கழித்து வரும் தொற்றை ஆஸ்பத்திரித் தொற்று என்றே கணக்கெடுப்பது மருத்துவ வழக்கம். பழி மட்டும் சேரிக்கு!

1847இல் வியன்னாவில் இதே கதை நடந்தது. ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். மருத்துவச்சிகள் வார்டைவிட டாக்டர்கள் வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் தங்கள் கை கொல்லும் என்பதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை.

தீவிர சிகிச்சையில் கிடக்கும் பிள்ளைக்கு மூச்சுக்குழாய், ரத்தக்குழாய் ஊசி, மூத்திரக்குழாய் மூன்றும் கிருமிக்குத் திறந்த வாசல்கள். தொடும் முன்னும் பின்னும் கை கழுவணும். மருந்து ஏற்றும் முன் குழாயின் வாயை ஸ்பிரிட்டால் தேய்க்கணும். தலைமாட்டை உயர்த்தி, வாயைச் சுத்தம் செய்யணும். 'இந்தக் குழாய் இன்னும் தேவையா?' என்று தினமும் கேட்டு, தேவையில்லையென்றால் எடுத்துவிடணும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஆள் வேண்டும். ஒரு நர்ஸ் தலையில் ஐந்தாறு பிள்ளைகளைக் கட்டினால் அவர் எப்போது கை கழுவுவார்?

துடைக்கிற அம்மா நம் தெருக்காரர். காண்டிராக்ட் கூலி, கிழிந்த கையுறை, எல்லாக் கட்டிலுக்கும் ஒரே மாப். தொற்று பரவினால் முதலில் வேலை போவது அவருக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, ஆஸ்பத்திரியில் படுக்கும் நூறு பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் இந்தத் தொற்று வருகிறது. இது விதியல்ல தோழர்களே, நிர்வாகம்.

அக்கா மகன் பிழைத்தான். பக்கத்துக் கட்டில் பிள்ளை பிழைக்கவில்லை.

கட்டிலுக்குக் கட்டில் கைகழுவும் மருந்து, போதுமான நர்ஸ்கள், துப்புரவுத் தொழிலாளருக்கு நிரந்தர வேலை, மாதாமாதம் வார்டு வாசலில் தொற்றுக் கணக்கு. இவற்றைக் கேட்டு மனுக் கொடுப்போம், மறியலும் செய்வோம். தலைமுறை தலைமுறையாய் 'தொடாதே' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இனி நம் தாய்மார்கள் சொல்லட்டும்: "டாக்டர், கையைக் கழுவிட்டு என் புள்ளயத் தொடுங்க."