இறுகிய சைட்டுக்குச் சுத்தியல் மருந்தல்ல

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்போரில் பலர் குறிபார்க்க உதவும் அதன் பின்பக்க சைட்டைத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடின் மேல் குறுக்காக, புறாவால் வடிவில் வெட்டப்பட்ட காடிக்குள் சைட்டின் அடிப்பகுதி செருகப்பட்டிருக்கும். பல மாடல்களில் அதைப் பிடித்துவைத்திருப்பது இறுக்கம் மட்டுமே. பழைய சைட் அசைய மறுத்தால் சுத்தியலையும், புதியது நுழைய மறுத்தால் அரத்தையும் எடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்தப் பழக்கம் தவறு. இறுக்கம் தயாரிப்பில் நேர்ந்த குறையல்ல. துப்பாக்கியின் குறி நம்பகமாக இருப்பதற்கு அதுவே அடிப்படை.

ஒரு கணக்கு போட்டால் இது விளங்கும். கிளாக் 17 துப்பாக்கியில் முன், பின் சைட்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 165 மி.மீ. இடைவெளி. 25 மீட்டர் தொலைவு அதைப்போல் சுமார் 150 மடங்கு. ஆகவே பின் சைட் 1 மி.மீ. விலகினால் குண்டு 15 செ.மீ. தள்ளிப் போகும். சர்வதேசப் போட்டிகளின் 25 மீட்டர் துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 5 செ.மீ.தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு வேகமாகப் பின்னே போய் முன்னே வந்து மோதுகிறது. தளர்ந்த சைட் அந்த அதிர்வில் சிறிது சிறிதாக நகர்ந்துவிடும்.

‘பஞ்ச்’ எனப்படும் பித்தளைத் தட்டுகோலும் சுத்தியலும் கொண்டு தேர்ந்த கைவினைஞர்கள் நெடுங்காலமாகச் சைட்டை மாற்றிவருகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது அவர்களுடைய கைப்பழக்கத்தின் பலன். பழகாத கையில் அடியின் அளவு தெரியாது. இருளில் ஒளிரும் டிரிடியம் சைட்டில் உள்ள கண்ணாடிக் குழாய் உடையலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி வரிசையில், துப்பாக்கி தவறி விழுந்தாலும் வெடிக்காமல் காக்கும் தடுப்பின் ஸ்பிரிங் பின் சைட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சைட் சட்டென்று வெளியே பாய்ந்தால் ஸ்பிரிங்கும் தெறித்துப் போகும். ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு திருகால் மெல்லத் தள்ளும் சைட் புஷ்ஷர் கருவியில் இந்த அபாயம் குறைவு. மிகுதியாக நகர்ந்தால் திரும்பத் தள்ளவும் முடியும்.

அந்தக் கருவிக்குச் சைட்டைவிட அதிக விலை என்பது அடுத்த வாதம். எப்போதோ ஒருமுறை செய்யும் வேலைக்கு அதை வாங்க வேண்டியதில்லை. கருவி வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தால் போதும். கொஞ்சம் ராவினால் என்ன என்போருக்கும் பதில் உண்டு. ராவியே ஆக வேண்டுமானால் சைட்டின் அடிப்பரப்பை மட்டும், ஓரிரு இழுப்புக்கு ஒருமுறை பொருத்திப் பார்த்துக்கொண்டே ராவ வேண்டும். கையால் தள்ளும்போது மூன்றில் ஒரு பங்கு நுழைந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீதியைக் கருவி தள்ளிக்கொள்ளும். காடியில் அரம் படவே கூடாது. கெட்ட சைட்டுக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். அகன்ற காடியோ இனி வரும் எல்லாச் சைட்டையும் தளர்த்திவிடும்.

எனவே சைட்டை விற்கும் நிறுவனங்கள் எந்தப் பரப்பை ராவலாம், எந்தப் பக்கமிருந்து தள்ள வேண்டும் என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். சுடுதளங்கள் ஒரு புஷ்ஷரைப் பொதுவில் வைக்கலாம். துப்பாக்கியில் குண்டில்லை என்பதை உறுதிசெய்த பிறகே வேலையைத் தொடங்குவதும், முடித்தபின் இலக்கில் சுட்டுச் சரிபார்ப்பதும் உரிமையாளரின் கடமை.