கிணற்றுக்குள் இறங்கும் பசளை

"யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பசளையை அள்ளிக் கொட்டித் தண்ணீரைக் கெடுத்துப்போட்டார்கள்" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மை. மற்றப் பாதியை யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உண்மையான பாதி. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். காலங்காலமாகக் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் எங்களுக்கு இருப்பது நிலத்தடி நீர்தான். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்கிறது. வலிகாமத்தில் பல இடங்களில் அந்தக் கல்லுக்கு மேலே இருப்பது மெல்லிய செம்மண் படைதான். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடுகிற யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்று மண்ணோடு ஒட்டி நிற்காது. பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்கே வந்து சேரும்.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. (மலசலகூடக் குழிகளுக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் மறக்கக்கூடாது.) இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் பச்சைக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை இழக்கலாம், உடல் நீலம் பாயலாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்! நைத்திரேற்று கொதித்துப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

இனி மற்றப் பாதி. கமக்காரர் ஏன் அளவுக்கு மிஞ்சிப் போடுகிறார்? ஆசையால் அல்ல, பயத்தால். சில பரப்புத் தோட்டம், வருடத்தில் இரண்டு மூன்று போகம், நகை அடகு வைத்து எடுத்த காசு. வெங்காயம் மஞ்சளித்தால் அந்த நட்டத்தை அவரோடு பங்கு போட யாரும் வரமாட்டார்கள். கூடப் போடுகிற அந்த அரை மூட்டை யூரியாதான் அவருக்கு இருக்கிற ஒரே காப்புறுதி.

அந்தக் காலத்தில் பூவரசங்குழையும் பனையோலையும் தோட்டத்தில் தாழ்த்தினார்கள், ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். மண்ணில் உக்கல் இருந்தால் அது நீரையும் பசளையையும் பிடித்து வைத்திருக்கும். ஆனால் குழை வெட்ட, ஏற்ற, தாழ்த்த இன்றைக்குக் கூலி என்ன என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வழி தெரியாமல் அவர்கள் விடவில்லை. கட்டுப்படியாகாமல் விட்டார்கள்.

அப்படியானால் தடை செய்துவிடலாமா? அதையும் இந்த நாடு செய்து பார்த்துவிட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. மாற்றுப் பசளை போதிய அளவு கையில் இல்லை, பழக்குவதற்குக் காலமும் கொடுக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியும் பயனில்லை, அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் படுத்துவிட்டது. தண்ணீரைக் காக்க வேண்டும் என்ற நல்ல பேச்சுக்கே அதனால் கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம்.

இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்த ஊரும் உண்டு. நியூயோர்க் நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி வடக்கே கற்ஸ்கில் மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே மாட்டுப் பண்ணைகள் நிறைய. வடிகட்டும் நிலையம் கட்டினால் பல நூறு கோடி டொலர் ஆகும் என்ற நிலையில், 1990 அளவில் நகரம் முதலில் பண்ணையாளர்கள் மீது கடும் விதிகளைக் கொண்டுவரப் பார்த்தது. அவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகுதான் இரண்டு பகுதியும் உட்கார்ந்து பேசின. விரும்பிய பண்ணையாளர் சேரலாம், ஒவ்வொரு பண்ணைக்கும் தனித் திட்டம், செலவு நகரத்தினுடையது என்று முடிவானது. ஓடைக்கரைக்கு வேலி போட்டார்கள், சாணத்தைச் சேர்த்து வைக்க இடம் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் இன்றைக்கும் வடிகட்டும் நிலையம் இல்லாமலே நகரத்துக்குப் போகிறது. தண்ணீர் குடிப்பவர் செலவில் பங்கெடுத்தார் என்பதுதான் இதில் பாடம்.

நாங்கள் என்ன செய்கிறோம்? தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடலைச் சுத்திகரிக்கக் காசு தேடிய எங்களால், கிணற்றைக் காப்பாற்றுகிற கமக்காரருக்கு ஒரு பங்கு ஒதுக்க முடியாதா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் மண்ணையும் கிணற்று நீரையும் இலவசமாகச் சோதித்துக் கொடுக்கட்டும். இதில் கமக்காரருக்கே லாபம் இருக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணற்றிலிருந்து ஒரு இலட்சம் லீற்றர் இறைத்தால், கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ யூரியாவில் உள்ள நைதரசன் அந்தத் தண்ணீரோடேயே தோட்டத்துக்குப் போகிறது. இது தெரிந்தால் அந்த அளவையாவது குறைத்துப் போடலாம் அல்லவா? அடுத்து, ஒரு போகம் சணல் விதைத்து உழுது புதைப்பவருக்கு அந்தப் போகத்து வருமானத்தில் ஒரு பங்கை ஈடு செய்ய வேண்டும். தூவல் நீர்ப்பாசனத்துக்கு மானியம் வேண்டும். மாட்டெரு என்றாலும் அளவு மிஞ்சினால் நைத்திரேற்றுத்தான் என்பதை விவசாயப் போதனாசிரியர்கள் தோட்டத்துக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை கமக்காரரைக் குற்றவாளியாக்குவது மிகவும் சுலபம், செலவில்லாதது. அவருடைய பயத்தில் பங்கெடுப்பதற்குத்தான் காசு வேண்டும். அவர் இறைக்கிற தண்ணீரும் நாங்கள் குடிக்கிற தண்ணீரும் ஒரே கல்லுக்குள்தானே கிடக்கிறது? செலவை மட்டும் ஏன் அவர் தலையில் கட்ட வேண்டும்?