அடுத்தவர் பணத்தில் கார்டு தேய்த்த 'தேசபக்தர்'

அலுவலகம் நம்பிக் கொடுத்த கிரெடிட் கார்டில் ஓர் ஊழியர் வீட்டுச் செலவைச் செய்தால் வேலை போகும், வழக்கும் வரும். அதையே அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்தார். பிடிபட்டபோது அவர் கையில் எடுத்த ஆயுதம் எது என்பதுதான் நம்மை இங்கே நிறுத்துகிறது.

அவர் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பகுதியைச் சேர்ந்த டங்கன் ஹண்டர். குடியரசுக் கட்சிக்காரர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய முன்னாள் மரைன் அதிகாரி. தேர்தல் நிதியாக மக்கள் தரும் பணத்தைச் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். 2018 ஆகஸ்டில் அவர் மீதும் மனைவி மார்கரெட் மீதும் பதிவான குற்றப்பத்திரிகை, 2,50,000 டாலருக்கும் மேல் அப்படித் தொடப்பட்டதாகச் சொன்னது. மொத்தம் 60 குற்றச்சாட்டுகள். மார்கரெட் அந்தப் பிரசாரக் குழுவில் சம்பளம் வாங்கிய மேலாளர். கார்டு அவர் கையிலும் இருந்தது.

குடும்பத்தோடு இத்தாலி சுற்றுலா, 14,000 டாலருக்கும் மேல். அதை அலுவல் பயணமாகக் காட்ட அங்குள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தைப் பார்வையிட அனுமதி கேட்டிருக்கிறார்கள். கேட்ட நாளில் கிடைக்கவில்லை. இன்னொரு சம்பவம் இதைவிடக் கேவலம். கையில் காசில்லாத ஹண்டருக்கு ஒரு கால்சட்டை வேண்டுமாம். கோல்ஃப் மைதானக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், காயம்பட்ட ராணுவ வீரர்களுக்குப் பந்து வாங்கியதாகக் கணக்கு எழுதலாம் என்று மனைவி யோசனை சொன்னதாகக் குற்றப்பத்திரிகை கூறுகிறது. மேடைக்கு மேடை ராணுவப் பெருமை பேசியவரின் வீட்டுக் கணக்கு இது! தம்பதியின் சொந்த வங்கிக் கணக்கோ ஏழாண்டுகளில் 1,100 தடவைக்கும் மேல் இருப்பைத் தாண்டிப் போயிருந்தது. வரவுக்கு மீறிய வாழ்க்கை. ஈடுகட்ட ஊரார் பணம்.

குற்றம் சாட்டப்பட்டதும் தொலைக்காட்சியில் தோன்றிய ஹண்டர், வரவு செலவெல்லாம் மனைவிதான் பார்த்தார் என்று கைகாட்டினார்.

அடுத்த மூன்று மாதத்தில் தேர்தல். எதிர் வேட்பாளர் அம்மார் கம்பா நஜ்ஜார், 29 வயது இளைஞர். தந்தை ஃபலஸ்தீனர், தாய் மெக்சிகோ வம்சாவளி. அவர் ஒரு கிறிஸ்தவர் என்பதைக் கவனியுங்கள். அது ஹண்டருக்குத் தடையாக இல்லை. முஸ்லிம் அமைப்புகளின் உதவியோடு நாடாளுமன்றத்துக்குள் ஊடுருவப் பார்க்கிறார், நாட்டுக்கே ஆபத்து என்று விளம்பரம் ஓடியது. 1973-ல் பெய்ரூட்டில் இஸ்ரேலியப் படையினரால் கொல்லப்பட்ட பாட்டனாரையும் இழுத்தார்கள். பேரன் பிறந்ததோ அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. ஆக, பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. கார்டு கணக்கைப் பற்றிப் பேச வேண்டிய தேர்தலில் 'பாதுகாப்பு' பற்றிப் பேச வைத்துவிட்டார்கள். இந்த உத்தி நமக்கும் புதிதல்ல.

ஹண்டரே வென்றார். அது குடியரசுக் கட்சியின் கோட்டை என்பதையும் சொல்லியாக வேண்டும். வித்தியாசம் நான்கு சதவீதம்கூட இல்லை.

நீதிமன்றத்தில் அந்த உத்தி எடுபடவில்லை. 2019 ஜூனில் மார்கரெட் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மனைவி மீது பழிபோட வழியில்லாமல் டிசம்பரில் ஹண்டரும் ஒப்புக்கொண்டார். 2020 ஜனவரியில் பதவி விலகினார். மார்ச்சில் 11 மாதச் சிறை என்று தீர்ப்பு. சிறைக்குப் போகும் நாள் 2021 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

அந்த நாள் வரவே இல்லை. 2016-ல் டிரம்பை முதன்முதலாக ஆதரித்த இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஹண்டர் ஒருவர். 2020 டிசம்பர் 22 அன்று டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார், மறுநாள் மார்கரெட்டுக்கும். ஹண்டரின் பெயர் இருந்த அதே பட்டியலில், 2007-ல் பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் அப்பாவி ஈராக்கியர்களைச் சுட்டுக்கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற பிளாக்வாட்டர் காவலர்கள் நால்வரின் பெயர்களும் இருந்தன.