பழைய உட்கருவைப் பேணுக

லினக்ஸின் உட்கருவாகிய 'கெர்னல்' புதுப்பிக்கப்பெற்ற பின்னர், கணிப்பொறி திடீரென உறைந்து நின்றுவிடுவதுண்டு. உடனே வட்டினை அழித்து அனைத்தையும் மீண்டும் நிறுவுவது பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது. விரைவில் முடியும் வேலை அது என்பர். ஆயின், மாணவர் செய்து வைத்த பயிற்சிகளும் கள அலுவலர் திரட்டிய குறிப்புகளும் அதனால் அழியக்கூடும். பழுதின் காரணமும் உடன் மறையும். ஒரே வகைப் பொறிகள் பல உள்ள பள்ளியில் அப்பழுது ஒவ்வொன்றாகத் தொடரவும் கூடும்.

உபுண்டு, ஃபெடோரா முதலியன பழைய உட்கருவை நீக்காது வைத்திருக்கின்றன. ஃபெடோரா இயல்பாக 3 பதிப்புகளைப் பேணும். தொடக்கத்தில் 'கிரப்' பட்டியலை வரவழைத்துப் பழையதைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதில் பொறி செவ்வனே இயங்குமாயின், வன்பொருள் பழுது என்னும் ஐயம் பெரிதும் குறையும். பதிவேடு வட்டில் சேமிக்கப்பட்டிருப்பின், 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால் உறைந்த இயக்கத்தின் இறுதி வரிகளைக் காணலாம். திரைக்காட்சிக்குரிய இயக்கி நிரலின் மீது ஐயம் எழின், தொடக்கக் கட்டளையில் 'நோமோட்செட்' என்று சேர்த்துச் சோதிக்கலாம். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் பயன் தந்தது எதுவென விளங்காது.

பழைய உட்கரு தற்காலிகப் புகலிடமேயன்றி நிலையான தீர்வன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் புதியதிலேயே வருகின்றன. எனவே, இரு பதிப்பெண்களையும் பதிவேட்டின் வரிகளையும் குறித்து, வெளியீட்டாளர்க்கு அறிவித்தல் கடமையாகும். முன்பு இயங்கியது புதுப்பித்தலால் நின்றுவிடலாகாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் வற்புறுத்தி வரும் விதி. பழுதைக் கண்டவர் வாளாவிருப்பின் அவ்விதியால் யாதொரு பயனும் இல்லை.