கப்பற்புகையைக் கட்டிவைத்தல்

கப்பல் கக்கும் கரியமில வாயுவைக் கப்பலிலேயே பிடித்து அடைத்துவிடலாம் என்னும் கருத்து இன்று கடல்வணிக உலகில் பெரிதும் பேசப்படுகிறது. நாம் இதனை வெறுப்பவர் அல்லோம்; எனினும் கணக்கை முதலில் பார்த்துவிட வேண்டும் என்கிறோம்.

கனத்த எண்ணெய் ஒரு டன் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்று மிகுதியான கரியமில வாயு பிறக்கிறது. எரிந்தது ஒன்று, பிறந்தது மூன்றா என மாணவர் வியக்கலாம். எண்ணெயிலுள்ள கரி, காற்றின் உயிர்வளியோடு கூடுவதால் எடை ஏறுகிறது. நாள்தோறும் 50 டன் எரிக்கும் கப்பல் 20 நாள் ஓடினால் எரிந்த எண்ணெய் 1,000 டன். வெளிப்படும் வாயு 3,000 டன்னுக்கு மேல். அதிற் பாதியைப் பிடித்தாலும் 1,500 டன்! எண்ணெயைச் செலவழித்தபின் பாரம் குறைய வேண்டிய கப்பல், புறப்பட்டபோது இருந்ததினும் கனத்துக் கரைசேரும் விந்தை இது. அப்பாரத்திற்குரிய இடம் சரக்கின் இடத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.

முறை புதியதன்று. புகையை அமீன் கரைசலில் தோய்த்து வாயுவைப் பிரிப்பர். கரைசலைச் சூடேற்றி அதனை மீட்பர். பின்னர் அழுத்திக் குளிர்வித்துத் திரவமாக்குவர். இயந்திரத்தின் கழிவு வெப்பம் போதாதாயின், சூடேற்றுவதற்கே மேலும் எண்ணெய் எரிக்க நேரும்.

2021இல் ஜப்பானின் 'கொரோனா யுடிலிட்டி' என்னும் கப்பலில் மிட்சுபிஷி நிறுவனத்தார் சிறிய அளவில் இதனைச் செய்து காட்டினர். அது நிலக்கரி சுமக்கும் கப்பல் என்பதை நாம் நகையோடு குறித்துக்கொள்கிறோம். 2025இல் ஷாங்காயில் 'எவர் டாப்' என்னும் கப்பல் தான் பிடித்த திரவத்தை மற்றொரு கலத்திற்கு மாற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நார்வே நாட்டார் வடகடலின் அடித்தரைக்குக் கீழே ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்தில் கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கினர். ஆயின் இத்தகைய புதைகுழிகள் உலகில் எத்தனை? வாயுவை இறக்கிக்கொள்ள ஆயத்தமான துறைமுகங்கள் மிகச் சில.

நாம் அஞ்சுவது வேறொன்று. பழைய எண்ணெயையே பல்லாண்டு எரிப்பதற்கு இஃது ஒரு சாக்காகிவிடலாகாது. கப்பற்புகைக்கு விலை வைக்கும் திட்டத்தின் மீதான முடிவைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிவைத்துவிட்டது. விலையில்லாப் புகையை எவர் பிடிப்பர்? மண்ணுக்குள் புதைந்தது மெய்ப்பிக்கப்பட்ட டன்னை மட்டுமே கழித்துக்கொள்ள விடுதல் வேண்டும். தொட்டியில் இருப்பதைக் கணக்கில் வைத்தலாகாது.

அமீன் கரைசல் தோலை அரிப்பது. அதனைக் காக்கும் வேலையும் இயந்திர அறையில் உழலும் அதே மாலுமிகள் தலையில்தான் விழப்போகிறது. அதற்கெனக் கூடுதல் ஆளைக் கப்பல் உரிமையாளர் அமர்த்துவரா என்பதையும் சட்டம் எழுதுவோர் இப்போதே கேட்டுவைக்கட்டும்.