‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’

புதுச்சேரியில் திருபுவனைப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊருக்கே தெரியும். சாமியானா, ஐஸ் பெட்டி, தப்புச் சத்தம், ஒப்பாரி, பூப்பல்லக்கு, வழிநெடுகப் பட்டாசு. இத்தனையையும் கண்ணெதிரே நடத்திவிட்டு, செத்தவரின் நாலு வயது மகளிடம் “அப்பா ஜிப்மர் ஆஸ்பத்திரில இருக்காரு, வந்துடுவாரு” என்கிறோம். பக்கத்து வீட்டு அத்தை அவளை இடுப்பில் தூக்கிப் போய் டிவி முன்னால் உட்காரவைத்து பிஸ்கட் கொடுக்கிறார். கேட்டால், “சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்? சொன்னா பயந்துடும்.”

அதே வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகன் இருந்தால் நம் நியாயம் தலைகீழாகிவிடும். அவனுக்கு மொட்டை போட்டு, ஈரத் துணியோடு கொள்ளிச்சட்டியைக் கையில் கொடுத்து ஊர்வலத்தின் முன்னால் நடக்க விடுவோம். சட்டி கனக்கிறது என்று சித்தப்பா ஒரு பக்கம் பிடித்துக்கொள்வார். அது எதற்கு என்று மட்டும் யாரும் அவனிடம் சொல்வதில்லை. கொள்ளி வைக்கிற வயது வந்துவிட்டது, அப்பா செத்ததைத் தெரிந்துகொள்கிற வயது வரவில்லை! அவன் அழுதால், “இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அழக் கூடாது” என்பார் ஒரு பெரியவர். மகளை அந்த அளவுக்குக்கூட யாரும் நினைப்பதில்லை.

நல்ல எண்ணத்தில் சொல்கிற பொய்தான். ஆனால் அதற்கு விலை கொடுப்பவள் அந்தப் பிள்ளை. ஹங்கேரியில் மரியா நாகி என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு 1948-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் சாவைத் தூக்கம் போலவும் வெளியூர்ப் பயணம் போலவும் எண்ணுகிறார்கள் என்று அதில் கண்டார். அவர்களுக்கு இயல்பிலேயே இருக்கிற குழப்பம் அது. நாம் “தூங்குறாரு”, “ஊருக்குப் போயிருக்காரு” என்று சொல்லி அந்தக் குழப்பத்தை உறுதிப்படுத்துகிறோம். தூங்குகிறவர்தான் எழுந்திருக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை ராத்திரி எப்படிக் கண்ணை மூடும்? அப்பா ஜிப்மருக்குப் போய்த் திரும்பவில்லை என்றால், ஆயாவைக் கண் ஆபரேஷனுக்கு அங்கே அழைத்துப் போகிற அன்று அது ஏன் கதறாது? “சாமி கூப்பிட்டுக்கிச்சு” என்பது இன்னும் மோசம். அடுத்து அந்தச் சாமி அம்மாவைக் கூப்பிட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ சிறுவர் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். கடையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கதையை எளிதாக மாற்றியிருக்கலாம். நிகழ்ச்சிக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983 நவம்பரில் ஒளிபரப்பான பகுதியில், ஹூப்பர் செத்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பிக் பேர்ட் என்ற பறவைப் பாத்திரத்திடம் நேராகச் சொல்கிறார்கள். நோயால் செத்தார் என்பதை மட்டும் சொல்லாமல் தவிர்த்தார்கள். காய்ச்சல் வந்தாலே சாவு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாதே. உண்மையையும் சொன்னார்கள், எவ்வளவு சொல்வது என்பதையும் யோசித்தார்கள். நாம் இரண்டையும் செய்வதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், 5 லட்சம் வைப்புநிதி என்று தமிழக அரசு அறிவித்தது. தேவையான உதவிதான். ஆனால் என்ன நடந்தது என்று ஒரு பிள்ளையை உட்காரவைத்துச் சொல்கிற வேலையை எந்த அரசாணையும் செய்யாது. அதை வீட்டார்தான் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பையன் செய்வான்: “உங்கப்பன் குடிச்சுச் செத்தவன்தானே!” சாராயக்கடை சட்டப்படியே நடக்கிற நம் பக்கத்தில் இந்த வசனம் புதிதில்லை.

தற்கொலை என்றால் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள், புதுச்சேரியில் 29.7. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “நீ அடம் பிடிச்சா அம்மா செத்துப்போயிடுவேன்” என்பது நம் வீடுகளில் சாதாரணமாக வந்து விழுகிற வார்த்தை. அப்படிச் சொன்ன தாய் உண்மையிலேயே செத்துப்போனால் பிள்ளை என்ன நினைக்கும்? தான் கேட்ட ஐஸ்கிரீம்தான் காரணம் என்று நினைக்கும். “உன்னால இல்லடா” என்று ஒருவர் சொல்லாதவரை அதை மனசிலேயே வைத்திருக்கும்.

“எங்க பிள்ளை எதுவும் கேக்கலையே” என்று இதற்குப் பதில் வரும். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் ரத்தப் புற்றுநோய் வந்த சிறு பிள்ளைகளோடு மருத்துவமனையில் பழகி 1978-இல் ஒரு நூல் எழுதினார். யாரும் சொல்லாமலேயே தாங்கள் சாகப்போவது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்பதால் எதுவும் தெரியாததுபோல நடந்துகொண்டார்கள். நம் பிள்ளையும் முதல் தடவை கேட்டபோது அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டதைப் பார்த்திருக்கும். அதோடு நிறுத்தியிருக்கும். பயந்துவிடும் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் நம் பயத்தைத்தான்.

எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. விபத்தில் உடல் எப்படிக் கிடந்தது என்பதெல்லாம் நாலு வயதுக்கு எதற்கு? “அப்பா செத்துட்டாரும்மா. அவரால இனி மூச்சு விட முடியாது. அவருக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வர முடியாது. நீ எதுவும் பண்ணல. உன்னை நான் பாத்துக்குவேன்.” இவ்வளவு போதும். கேட்டுவிட்டு அவள் விளையாடப் போய்விடலாம். அதைப் பார்த்து “பார், அதுக்கு ஒண்ணும் புரியல” என்று முடிவு கட்ட வேண்டாம். சாயங்காலம் வந்து “அப்பா நாளைக்கு வருவாரா?” என்பாள். திரும்பவும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வாய் வராவிட்டால் தாய்மாமன் சொல்லட்டும், ஆயா சொல்லட்டும், அங்கன்வாடி டீச்சர் சொல்லட்டும். யார் சொல்வது என்பதைக் கருமாதிக்குப் பந்தல்காரரைப் பேசி முடிக்கும் முன்னால் முடிவு செய்துவிடுங்கள்.