போர்மட் செய்ய முன் பழைய ரெமைத் திருப்பிப் போடுங்கள்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. புதிய கொம்பியூட்டர் வாங்க வசதிப்படாத நம் வியாபாரிகள் பலர், இருப்பதற்கே ரெம் கூட்டி, ஹாட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸ் 11க்கு மாறப் பார்க்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் சில கடைகளில் மறுநாளே பில் அடிக்கும்போது திரை நீலமாகி, இயந்திரம் நின்று, தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. திருத்துபவரை அழைத்தால், "வைரஸ் நானா, போர்மட் பண்ணணும்" என்கிறார்.

இந்தப் பதிலை எடுத்த எடுப்பில் ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து. நேற்று வரை ஒழுங்காக ஓடியது, பாகம் மாற்றியதும் நிற்கிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் பாகத்தைத்தான்.

எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடையொன்றில், பழைய 4 ஜீ.பி. ரெமுக்குப் பக்கத்தில் வேறு வேகமுள்ள 8 ஜீ.பி. ரெம் ஒன்றைச் செருகினார்கள். இப்படிச் சேர்த்தால் சாதாரணமாக இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், சிலவேளை ஒத்துப்போகாது. இரண்டு தடவை போர்மட் செய்தும் கோளாறு தீரவில்லை. புதிய ரெமைக் கழற்றிய பிறகே தீர்ந்தது. அதற்குள் றமழான் மாதக் கடன் பட்டியல் அழிந்துவிட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

கடனை எழுதி வைக்கும்படி சொல்லும் அல்பகராவின் 282ஆவது வசனமே குர்ஆனில் மிக நீளமானது. அந்த எழுத்தை இன்று நாம் இந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

எனவே மின்சாரத்தைத் துண்டித்து, புதியதைக் கழற்றி, பழையபடி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு வராவிட்டால் புதியதை மட்டும் வேறு ஸ்லொட்டில் நன்றாக அழுத்திச் செருகிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னொஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. கடை பூட்டிய பிறகு ஓடவிடலாம். நீலத்திரையில் தெரியும் ஸ்டொப் கோட்டை போனில் படமெடுத்து வையுங்கள், திருத்துபவருக்கு உதவும். கிராபிக்ஸ் கார்ட் போட்ட பிறகு நின்றால் பவர் சப்ளை போதுமானதா என்று பாருங்கள்.

பழுதான ரெம் இயந்திரத்தை நிறுத்துவதோடு விடாது. சத்தமில்லாமல் கணக்கையும் பிழையாக்கலாம். அதனால் பாகம் மாற்றிய பிறகு எடுக்கும் பிரதியை மட்டும் நம்பியிருக்க முடியாது. மாற்றுவதற்கு முதல் நாளே ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைக்க வேண்டும். திருத்துபவர் பெட்டியைத் திறக்கும் முன் இதைக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

உத்தரவாதப் பில்லில் பாகத்தின் தொடர் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ரெமை "பாதி விலைக்கு நான் எடுக்கிறேன்" என்று யாராவது கேட்டால், இரண்டு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள்.